கோப்புறையைப் பட்டியலிடும் பைத்தான் நிரலகங்கள்: பாத்லிப், ஸ்கேன்டிர் குறித்து ஒரு மதிப்புரை

பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து, பக்கத்துக்கு ஒரு கோப்பாகச் சேமித்து, பின்னர் இதழ்வாரியாகப் பிடிஎஃப் ஆகக் கோக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஒரு கோப்புறைக்குள் என்னென்ன கோப்புகள், என்னென்ன உட்கோப்புறைகள் இருக்கின்றன என்று கேட்டுப் பட்டியல் வாங்குவதில்தான் அந்த வேலை ஒவ்வொரு நாளும் தொடங்குகிறது. பைத்தான் என்னும் நிரல்மொழியை நிறுவும்போதே கூட வந்துவிடும் நிரலகங்கள், அதாவது ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் தொகுப்புகள், இதற்குப் போதுமானவை. ஆனால் அவை எதைச் செய்கின்றன, எதை நம் பொறுப்பில் விட்டுவிடுகின்றன என்பதைப் பட்டறிந்துதான் தெரிந்துகொண்டேன்.

இயக்குதளத்தோடு பேசும் ஓஎஸ் நிரலகத்தின் லிஸ்ட்டிர் என்ற செயற்கூறு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்துதரும் நிரல் துண்டு) இவற்றில் மூத்தது. அது பெயர்களை மட்டுமே தரும். அந்தப் பெயர் கோப்புக்கு உரியதா, கோப்புறைக்கு உரியதா என்பதை நாம்தான் தனியாகக் கேட்டறிய வேண்டும். 2014இல் பைத்தான் 3.4 பதிப்போடு வந்த பாத்லிப் இந்த அனுபவத்தை வெகுவாக மாற்றியது. பாதை என்பது வெறும் எழுத்துச் சரமாக இல்லாமல் தன் பெயரையும் பின்னொட்டையும் தாய்க்கோப்புறையையும் தானே சொல்லக்கூடிய பொருளாக ஆனது. ஐட்டர்டிர் ஒரு படியில் உள்ளதைத் தருகிறது; குளோப் வடிவத்துக்குப் பொருந்துவதைத் தேடித் தருகிறது; ஆர்குளோப் உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் இறங்கிப் பார்க்கிறது. ஆறு மாதம் கழித்து நான் எழுதிய நிரலை நானே படிக்கும்போது தடங்கல் இல்லாமல் புரிகிறது என்ற ஒரே காரணத்துக்காகவே பாத்லிப்பை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வேகம் என்று வரும்போது 2015இல் 3.5 பதிப்பில் ஓஎஸ் நிரலகத்தில் சேர்க்கப்பட்ட ஸ்கேன்டிர்தான் என் தேர்வு. பென் ஹாய்ட் முன்மொழிந்த இந்தச் செயற்கூறு, இயக்குதளம் பட்டியலைத் தரும்போதே கூடவே சொல்லிவிடும் தகவலைக் கீழே போடாமல் நம் கையில் கொடுக்கிறது. லினக்ஸில் ஒரு பெயரைப் படிக்கும்போதே அது கோப்பா கோப்புறையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்; விண்டோஸில் அளவும் தேதியும்கூடச் சேர்ந்தே வந்துவிடும். லிஸ்ட்டிர் இவற்றை வீணாக்கிவிட்டு, ஒவ்வொரு பெயருக்காகவும் மறுபடி இயக்குதளத்தின் கதவைத் தட்ட வைத்தது. ஸ்கேன்டிர் வந்த பிறகு, அதன் மேல் கட்டப்பட்ட, உள்ளடுக்குகளுக்குள் இறங்கிச் செல்லும் வாக் செயற்கூறு லினக்ஸ் வகை இயக்குதளங்களில் 3 முதல் 5 மடங்கும், விண்டோஸில் 7 முதல் 20 மடங்கும் வேகம் பெற்றதாக பைத்தானின் வெளியீட்டுக் குறிப்பே கூறுகிறது. பாத்லிப்பின் ஐட்டர்டிர் 3.13 பதிப்புவரை இந்த வசதியைப் பயன்படுத்தவில்லை என்பது எனக்குக் குறையாகவே பட்டது. வலையமைப்பு வழியே இணைந்த சேமிப்பகத்தில் ஒவ்வொரு பெயரையும் கோப்புறையா என்று கேட்டபோது அதனால் வந்த தாமதம் கண்கூடாகத் தெரிந்தது. ஸ்கேன்டிரிலும் ஒரு கவனம் தேவை. ஒருமுறை வாங்கிய அளவையும் தேதியையும் அது நினைவில் வைத்துக்கொள்வதால், இன்னும் நகலாகிக்கொண்டிருக்கும் கோப்பின் அளவைக் கேட்டால் பழைய எண்ணையே திருப்பிச் சொல்லக்கூடும்.

வரிசைதான் என்னை அதிகம் சோதித்தது. இந்தச் செயற்கூறுகள் எதுவும் பெயர்களை வரிசைப்படுத்தித் தருவதாக உறுதி அளிக்கவில்லை. வரிசைப்படுத்தும் செயற்கூறான சார்ட்டட் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் முடிந்தது என்று எண்ணியிருந்தேன். முதல் இதழை அச்செடுத்துப் பார்த்தபோது பக்கம்1ஐ அடுத்துப் பக்கம்10 வந்திருந்தது. பக்கம்2 வெகு தொலைவில் கிடந்தது. எண்களுக்கு முன்னால் சுழியங்களை இட்டு அதைச் சரிசெய்துவிட்டேன். தமிழ்ப் பெயர்களுக்கு அப்படி எளிய மருந்து கிடையாது. சார்ட்டட் ஒப்பிடுவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் உள்ள யூனிகோட் எண்களை. நம் அகர வரிசையை அல்ல. யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளின் எண்களுக்குப் பின்னால் இருப்பதால், அகராதியில் பக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் வர வேண்டிய பகுதி என்ற சொல் முன்னால் வந்து நிற்கிறது. வகரத்துக்கு முன்பே ளகரமும் ழகரமும் வந்துவிடுகின்றன. னகரம் நகரத்தை ஒட்டி ஏறிக்கொள்கிறது. ஆசிரியர் பெயர்வாரியாக அடைவு தயாரிப்பவருக்கு இது சிறு பிழை அன்று. ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் தமிழ்ச் சொற்களை அகர வரிசைப்படி ஒப்பிடும் செயற்கூறு இருக்கிறது. நான் இப்போது அதையே சார்ட்டட்டுக்கு ஒப்பீட்டு முறையாகக் கொடுக்கிறேன்.

இன்னொரு சிக்கலைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. மேக் கணினியில், எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமையில் அமைந்த ஒரு பழைய வட்டில், தொகுதி என்று தொடங்கும் கோப்புறைகள் கண் முன்னே தெரிந்தன. ஆனால் குளோப் வழியாகத் தொகுதி என்று தொடங்குபவற்றைக் கேட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை. பெயரை நேரடியாகக் கொடுத்துத் திறந்தால் மட்டும் திறந்தது. இரண்டு பெயர்களின் நீளத்தையும் எண்ணிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது: நான் தட்டச்சிட்டதில் 6 குறிகள், வட்டில் இருந்ததில் 7. அந்தக் கோப்பு முறைமை ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பைத்தானுக்கு அவை வேறு வேறு சொற்கள். பட்டியலில் வரும் ஒவ்வொரு பெயரையும் யூனிகோட்டேட்டா நிரலகத்தின் நார்மலைஸ் வழியாக, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே இப்போது ஒப்பிடுகிறேன்.

புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளைத் அதே பெயரில் உள்ள தனி நிரலகமான குளோப் வழக்கமாக ஒதுக்கிவிடும். பாத்லிப்பின் குளோப் ஒதுக்காது. எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் அமைந்த வட்டுகளில் மேக் எழுதிவைக்கும் துணைக்கோப்புகளுக்கும் அசல் கோப்பின் பின்னொட்டே இருப்பதால், ஒருமுறை பக்கங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காக வந்தது. இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும்.

உள்ளடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் வாக் செயற்கூறு, 3.12 பதிப்பிலிருந்து பாத்லிப்பிலும் கிடைக்கிறது. வேண்டாத கோப்புறையின் பெயரைப் பட்டியலிலிருந்து அகற்றிவிட்டால் அதற்குள் இறங்காமலே சென்றுவிடுவது இதன் அருமையான வசதி. ஆனால் படிக்க அனுமதி இல்லாத கோப்புறையைக் கண்டால், நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, வாக் எந்தச் செய்தியும் தராமல் அதைத் தாண்டிப் போய்விடும். அனுமதி தவறாக அமைந்த ஒரு கோப்புறையிலிருந்த தீபாவளி மலர் முழுவதும் இப்படித்தான் எங்கள் தொகுப்பில் விடுபட்டது. அச்சு இதழைக் கையில் வைத்துச் சரிபார்த்த நண்பர் ஒருவர் சொல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து, பிழை நேர்ந்தால் அழைக்க வேண்டிய செயற்கூறு ஒன்றைக் கொடுத்த பிறகே வாக்கை இயக்குகிறேன். அது தாண்டிச் சென்ற கோப்புறைகளின் பெயர்கள் ஒரு தனிக்கோப்பில் பதிவாகின்றன. அந்தக் கோப்பு வெறுமையாக இருந்தால் மட்டுமே இதழைக் கோக்கத் தொடங்குகிறேன்.