ஆக்சானுக்குக் காவல்: பீட்டாவா, காமாவா?

உதட்டில் கொப்புளமாகத் தொடங்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ், நரம்பு நுனி வழியே ஏறி மண்டைக்குள் இருக்கும் ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சில் பதுங்கிவிடுகிறது. அந்த ஏற்றத்தை வழியிலேயே மறிக்க முடியுமா என்று பார்க்க, எலி நரம்பணுக்களை அறை அறையாகப் பிரித்த தட்டில் வளர்த்தேன். ஆக்சான் (நரம்பணுவின் நீண்ட இழை) இருக்கும் அறையில் விட, வைரஸை எதிர்க்கச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் புரதங்களில் பீட்டாவா, காமாவா? நான் எடுத்தது பீட்டா.

அவை செல்லில் ஒட்டும் ஏற்பிகள் வேறு, இரண்டுக்கும் ஏற்பியின் சமிக்ஞையைக் கடத்தும் ஸ்டாட்1 புரதம் வேண்டும், இரண்டும் வைரஸைக் குறைக்கும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. என்னை முடிவெடுக்க வைத்தது தூரம். வைரஸ் நுழைவது ஆக்சான் நுனியில். உட்கருவோ, மனித முகத்தில், பல சென்டிமீட்டர் தள்ளி. காமாவை ஆக்சானில் மட்டும் விட்டாலும் முடுக்கப்பட்ட ஸ்டாட்1 சேர்வது தொலைவில் உள்ள உட்கருவில்தான். அங்கே மரபணுக்கள் விழித்தால்தான் பலன். பீட்டாவுக்கு அந்தப் பயணமே தேவையில்லை. ஸ்டாட்1 ஆக்சானிலேயே முடுக்கப்படுகிறது. 2016இல் பிரின்ஸ்டனில் லின் என்குவிஸ்ட் குழு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது: உட்கரு இருக்கும் செல்லுடலில் மரபணுப் படியெடுப்பை நிறுத்தியதும் காமாவின் பாதுகாப்பு போய்விட்டது, பீட்டாவுடையது நின்றது. தலைமையகத்தைக் கேட்காமல் வாசலிலேயே மறிக்கும் இந்தக் காவலைப் படித்த அன்றே என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

பீட்டாவும் அதே ஏற்பியைப் பிடிக்கும் ஆல்ஃபாவும் மூளை நரம்பணுவுக்கும் உதவுகின்றன. வைரஸை உணரும் டிஎல்ஆர்3 என்ற புரதத்தின் குறைபாட்டால் ஹெர்ப்பிஸ் மூளையழற்சி வந்த குழந்தைகளின் செல்களிலிருந்து உருவாக்கிய நரம்பணுக்களை ஆல்ஃபாவோ பீட்டாவோ வெளியிலிருந்து கொடுத்துக் காப்பாற்ற முடிந்தது, லாம்டா என்ற இன்னொரு இன்டர்ஃபெரானால் முடியவில்லை. 2012இல் வந்த முடிவு அது. முதல் தொற்றின்போதே ஆல்ஃபா இருந்தால், உட்கருவில் உள்ள பிஎம்எல் என்ற புரதத்தின் திரள்கள் வைரஸ் மரபணுவைச் சூழ்ந்துகொள்கின்றன, பின்னாளில் அது விழித்தெழுவது கடினமாகிறது என்பதும் வளர்ப்புச் செல்களில் தெரிந்திருக்கிறது.

காமாவைத் தள்ளிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வைரஸ் முடிச்சில் குடியேறிய பிறகு, அதைச் சுற்றி நிற்கும் சிடி8 டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் காமாதான் எலிகளில் அதை அடக்கி வைக்க உதவுகிறது. என் தட்டில் டி செல்லே கிடையாது. அந்தக் கட்டத்தில் எனக்குக் கைப்பழக்கமும் இல்லை. பீட்டாவையும் வைரஸுக்கு முன்னதாகவே விட்டுத்தான் பார்த்திருக்கிறேன். வைரஸ் ஏறத் தொடங்கிய பிறகு விட்டதில்லை. அடுத்த தொகுதியில் நான்கு தட்டுகளை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன், இரண்டு பீட்டாவுக்கு, இரண்டு காமாவுக்கு.