டாங் குவெய் வேர்: நான்கு வருடச் சூப்பும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சீன மருந்துக்கடையில் டாங் குவெய்க்கு விலை குறைத்திருக்கிறார்கள் என்று, உடன் வேலை பார்க்கும் தோழி போன வாரம் படம் எடுத்து அனுப்பினாள். "நீங்கள் நான்கு வருடமாகச் சூப் வைக்கிறீர்களே அக்கா, அரைக் கிலோ வாங்கிவிடட்டுமா? என் மாமியாருக்கும் உடம்பு தேறும்" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

முதலில் அந்த வாசனையைச் சொல்லிவிடுகிறேன். கொத்தமல்லி, சீரகம், ஓமம், பெருங்காயம் எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் இந்த வேரும். சட்டி மூடியைத் திறந்ததும் செலரித் தண்டின் வாசனை வரும். அதன் அடியில் வெல்லப்பாகு போல ஒரு கனத்த இனிப்பு. குடித்து முடித்த பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாகக் கசக்கும். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிதான் கற்றுக்கொடுத்தார்: ஒரு முழுக் கோழி, இஞ்சி, ஒரு கைப்பிடி காய்ந்த சிவப்புச் சீன இலந்தை, வேரில் மூன்று வில்லை, சிறு தீயில் இரண்டு மணி நேரம். நான்காவது வில்லை போட்டால் சட்டியே கசந்துவிடும் என்பார். வில்லை இளமஞ்சளாக, ஓரம் பழுப்பாக, தொட்டால் கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு இருக்க வேண்டும். வெள்ளைவெளேரென்று இருந்து, முகர்ந்தால் புளிப்பு நெடி அடித்தால் கந்தகப் புகை போட்டது. அதை நான் தொடமாட்டேன். கான்சு மாகாணத்து மின் வட்டாரத்து வேருக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆனால் நான் இதை வாங்க ஆரம்பித்தது ருசிக்காக இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் கழுத்திலிருந்து திடீரென்று பொங்கும் சூட்டுக்காகத்தான். அதற்கு இது கேட்கவில்லை. 1997இல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 71 பெண்களை வைத்து 24 வாரம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு தினம் நாலரை கிராம் டாங் குவெய், மற்றொரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. சூடு பொங்குவதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சீன மருத்துவர்கள் இதற்கு நியாயமான ஒரு மறுப்புச் சொல்கிறார்கள்: இந்த வேரைத் தனியாகக் கொடுப்பது அவர்கள் முறையே அல்ல. பழைய கஷாயம் ஒன்றில் ஒரு பங்கு டாங் குவெய்க்கு ஐந்து பங்கு ஹுவாங் சீ வேர் சேர்ப்பார்கள். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கடையில் எனக்கு விற்றது தனி வேர்தான், எனக்குச் சூடு குறையவும் இல்லை. அதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சூப்பாக அது எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. என் கணவர், இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு (எண் கூடினால் உறைவது தாமதமாகும்) அவருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். போன டிசம்பரில் காய்ச்சல் வந்து இளைத்துப்போனார். தெம்புக்காக வாரம் ஒரு முறை வைத்த சூப்பை வாரம் நான்கு முறை வைத்தேன். ஒரு காலை பல் துலக்கியவர் வாஷ்பேசினைக் காட்டினார். நுரை முழுக்கச் சிவப்பு. முழங்கையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. அன்று ஐ.என்.ஆர். 4.6.

செவிலியர் ஒவ்வொன்றாகக் கேட்டார்: கீரை, மது, பூண்டு மாத்திரை, புது மருந்து. எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். கடைசியில் அவரே, "வீட்டில் சீன மூலிகைச் சூப் ஏதாவது?" என்று கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. காய்ச்சலில் சாப்பாடு குறைந்ததும் காரணமாக இருக்கலாம், வேர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் நேர்மையாகச் சொன்னார். சூப்பை நிறுத்தினோம். மூன்று வாரத்தில் 2.6க்கு வந்தது.

பிறகு தேடிப் படித்தேன். 1999லேயே ஒரு மருத்துவ இதழில் இது பதிவாகியிருக்கிறது. 46 வயதுப் பெண், இதே வார்ஃபரின். நான்கு வாரம் டாங் குவெய் எடுத்ததில் ஐ.என்.ஆர். இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, நிறுத்திய ஒரு மாதத்தில் இறங்கியது. ஒரே ஒருவரின் கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சீன மருத்துவ மரபே வேரின் தலை, உடல், வால் என்று பிரித்து, வால் பகுதி ரத்தத்தை ஓடவைக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறது. அந்த மரபில் வந்த கடைக்காரர் என்னிடம் பிரசவத்துக்கா, மாதவிடாய்க்கா, சூப்புக்கா என்று மூன்று கேள்வி கேட்டார். வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று நான்காவதாக ஒன்று கேட்க எத்தனை நொடி ஆகும்? வார்ஃபரின் கொடுத்த மருந்தகத்திலும் கீரையைச் சொன்னார்கள், சூப்பைச் சொல்லவில்லை. தெரு முனைக்கு ஒரு சீன மருந்துக்கடை இருக்கும் சிங்கப்பூரில் இதைக் கேட்காமல் விடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இத்தனை வாசனை பாடிய பிறகும் தோழிக்கு என் பதில், வாங்காதே என்பதுதான். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் விலகியிருக்க வேண்டும். உன் மாமியாருக்குப் போன வருடம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்று நீதானே சொன்னாய்? அவர் மாத்திரைகளிலும் ரத்தம் உறையாமல் தடுப்பது இருக்கலாம். அவர் மாத்திரை அட்டையை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த வேரின் படத்தோடு சேர்த்துக் காட்டு. அதுவரை அரைக் கிலோ அந்தக் கடையிலேயே இருக்கட்டும்.