பத்தி எழுத்தாளரை வறுப்பது எப்படி: வரிக்கு வரியா, வேஷம் கட்டியா, நேரில் போயா?

அமெரிக்காவில் வலதுசாரிப் பத்தி எழுத்தாளர்களைக் கலாய்ப்பது ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டது. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் மாதிரிப் பெரிய பத்திரிகைகளில் இடம் பிடித்து, எழுநூறு எண்ணூறு வார்த்தைகளில் நாட்டுக்கே புத்தி சொல்கிறவர்கள் இவர்கள். காலையில் பத்தி வந்தால் மத்தியானத்துக்குள் அதைத் துவைத்துக் காயப்போட ஒரு கூட்டமே கிளம்பிவிடும். ஆனால் துவைக்கிற விதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. எது உண்மையிலேயே உறைக்கிறது, எது கூட இருக்கிறவர்களின் கைதட்டலோடு போய்விடுகிறது என்று பார்த்தால், என் ஓட்டு செருப்புத் தேய நடந்தவர்களுக்குத்தான். ஏன் என்பதற்கு மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வரிக்கு வரி மறுப்பு. ‘ஃபிஸ்கிங்’ என்று இதற்குப் பெயரே உண்டு. அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. பிரிட்டிஷ் நிருபர் ராபர்ட் ஃபிஸ்க்கை 2001 டிசம்பரில் பாகிஸ்தான் எல்லைப் பக்கம் ஆப்கன் அகதிகள் கூட்டம் ஒன்று அடித்துவிட்டது. அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் அதையேதான் செய்திருப்பேன் என்று அவர் எழுதினார். அதை ஆண்ட்ரூ சல்லிவன் முதலான, அமெரிக்காவின் ஆப்கன் போரை ஆதரித்த வலைப்பதிவர்கள் வரி வரியாகக் கிழித்தார்கள். அதாவது இந்த ஆயுதம் முதலில் வலதுசாரிப் பக்கத்துப் பட்டறையில்தான் அடிக்கப்பட்டது. இடதுசாரிகள் பிறகு கைமாற்றிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வசதி: எதிராளி எதையும் நழுவவிட முடியாது. ஆனால் ஒரு நல்ல பத்தி எழுத்தாளரின் தந்திரம் வரிகளுக்குள் இருப்பதில்லை, வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. இந்த மாதிரிப் பத்தியைப் பாருங்கள், நானே கட்டியது: “நேற்று ரயிலில் ஓர் இளைஞனைப் பார்த்தேன். எதிரில் நின்ற மூதாட்டிக்கு அவன் இடம் கொடுக்கவில்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் திருமணங்கள் நீடித்தன. அரசு உதவித்தொகைகள் அப்போது குறைவாக இருந்தன.” நான்கு வரி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் மறுக்க ஒன்றுமில்லை. உதவித்தொகையால்தான் பையன் எழுந்திருக்கவில்லை என்று அவர் எங்கேயும் சொல்லவே இல்லை, நாமாகத்தான் அங்கே போய்ச் சேர்கிறோம். வரிக்கு வரி ஆசாமி என்ன செய்வார்? “எந்த ரயில்? எந்த மூதாட்டி?” என்று கேட்டுக்கொண்டு நிற்பார். பத்தியை விட மறுப்பு மூன்று மடங்கு நீளும். மூல ஆசிரியருக்கு இலவச மறுபதிப்பும் கிடைத்துவிடும்.

எந்தப் பத்திக்கு எது பொருந்தும் என்பதற்கு ஒரே எழுத்தாளர், ஒரே வருடம் என்று ஓர் உதாரணம் இருக்கிறது. பழமைவாதப் பத்தி எழுத்தாளர் ஜார்ஜ் வில், 2009. அந்த ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்டில் ஜீன்ஸ் பேன்ட்டுக்கு எதிராக ஒரு பத்தி எழுதினார். வளர்ந்தவர்கள் சிறுவர்களைப் போல உடுத்துகிறார்கள் என்ற புலம்பல். கடைசியில் ஒரு வாக்குமூலம் வேறு: தன்னிடமும் ஒரே ஒரு ஜோடி இருக்கிறது, ஒருமுறைதான் போட்டேன், அதுவும் முன்னாள் செனட்டர் டான்ஃபோர்த்தின் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் அப்படித்தான் வரச் சொல்லியிருந்தார்கள் என்று. இதை யார் கிண்டல் செய்ய முடியும்? எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

அதே வில், இரண்டு மாதம் முன்பு பிப்ரவரியில், பருவநிலை எச்சரிக்கைகளைக் கேலி செய்து எழுதிய பத்தியில், உலகக் கடற்பனியின் அளவு 1979-இல் இருந்த அளவுக்குச் சமமாக இருக்கிறது என்று இலினாய் பல்கலைக்கழக ஆய்வு மையத்தைச் சாட்சிக்கு இழுத்தார். அந்த மையமே பதில் போட்டது: 1979 பிப்ரவரி 15 அன்று 1.679 கோடி சதுர கிலோமீட்டர், 2009-இல் அதே தேதியில் 1.545 கோடி. குறைந்த பரப்பு டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஓக்லஹோமா மூன்றையும் சேர்த்த அளவு. சாட்சியே கூண்டில் ஏறி மறுத்துவிட்ட பிறகு கிண்டல்காரர்களுக்கு அங்கே வேலை மிச்சமில்லை. வரிக்கு வரி பாணி ஜெயிப்பது இப்படி ஒரே வரியில் ஒரு எண் மாட்டும்போதுதான். அப்போதும் மற்ற வரிகளை விட்டுவிடுகிறவரே கெட்டிக்காரர்.

அடுத்தது வேஷம் கட்டுவது. அவர்களைப் போலவே பேசி, அவர்கள் வாதத்தை இன்னும் நாலு அடி இழுத்துக் காட்டுவது. நமக்கு இது புதிதல்ல. தொண்டைமானின் ஆயுதசாலையில் வேல்கள் எல்லாம் நெய் பூசிப் பளபளவென்று மின்னுகின்றன, எங்கள் அதியமானுடையவை பாவம், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொன்னது இந்த ரகம்தான். அமெரிக்காவில் இதை உச்சிக்குக் கொண்டுபோனவர் ஸ்டீபன் கோல்பேர். 2005 முதல் 2014 வரை, தொலைக்காட்சியில் கத்தும் வலதுசாரி விமர்சகராகவே வேஷம் கட்டி நிகழ்ச்சி நடத்தினார்.

வேஷத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அவர் நிகழ்ச்சி வேடிக்கையானது என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பழமைவாத மனப்போக்கு உள்ளவர்கள், அவர் கேலி செய்வதுபோல் நடிக்கிறார், உள்ளுக்குள் தான் பேசுவதையே நம்புகிறார் என்று எடுத்துக்கொள்ள அதிக வாய்ப்பு இருந்தது. ஔவையைத் தொண்டைமான் தவறாகப் புரிந்துகொண்டு பரிசு கொடுத்து அனுப்பியிருந்தால் எப்படி இருக்கும்? கலையாகப் பார்த்தால் இந்த வழிதான் எல்லாவற்றிலும் மேல். வாதமாகப் பார்த்தால், ஏற்கெனவே ஒத்துப்போகிறவர்களுக்கு மட்டும் புரிகிற ரகசிய மொழியாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது, பழைய குப்பையைக் கிளறுவது. உழைப்பு குறைவு, சிரிப்பு நிச்சயம். இதற்கென்றே பிறந்தவர் வலதுசாரி விமர்சகர் பில் கிறிஸ்டல். ஈராக்கில் ஷியாக்களும் சன்னிகளும் ஒத்துப்போக மாட்டார்கள் என்ற பேச்சுக்குப் பெரிதாக ஆதாரமே கிடையாது என்று 2003 ஏப்ரலில் வானொலியில் சொன்னார். 2006 டிசம்பரில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல் ஒன்றில் கூட ஒபாமா ஹிலரியை ஜெயிக்க மாட்டார் என்று தொலைக்காட்சியில் அடித்துச் சொன்னார். இவ்வளவுக்கும் பிறகு, 2008 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பத்தி எழுத அழைத்துக்கொண்டது. முதல் பத்தியிலேயே ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயரில் போட்டுவிட்டார், திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த மாதமே தெற்குக் கரோலினாவில் ஹிலரியை ஒபாமா ஜெயித்தார். ஒரு வருடத்தில் பத்தியும் நின்றுபோனது.

பட்டியலைப் படித்தால் சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் ஜோசியம் பொய்த்தது என்பது வாதம் பிழை என்பதற்கு முழுச் சாட்சி ஆகாது. அதைவிட, ஆள் இடம் மாறிவிடுகிறார். ட்ரம்ப் வந்த பிறகு கிறிஸ்டல் அவரை விடாமல் எதிர்க்க ஆரம்பித்தார். முன்பு அவர் ஜோசியங்களைச் சட்டம் போட்டு மாட்டியவர்களில் சிலரே இப்போது அவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறார்கள். பழைய பட்டியலைச் சத்தமில்லாமல் பரணில் ஏற்றியாகிவிட்டது.

வெறும் பட்டப்பெயர் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொதுவாக எனக்கு இது பிடிக்காது. ஆனால் 2019 ஆகஸ்டில், நியூயார்க் டைம்ஸ் அலுவலகத்தில் மூட்டைப்பூச்சி என்ற செய்தி வந்ததும், ஒரு பேராசிரியர் ட்விட்டரில், அந்த மூட்டைப்பூச்சிகள் ஓர் உருவகம், அவை அந்தப் பத்திரிகையின் பழமைவாதப் பத்தி எழுத்தாளர் பிரெட் ஸ்டீபன்ஸ்தான் என்ற பொருளில் ஒரு வரி போட்டார். கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை. ஸ்டீபன்ஸே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதில் பல்கலைக்கழக நிர்வாகத்தில் உயர் பொறுப்பில் இருந்தவரையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. மட்டமான கிண்டல்தான். ஆனால் கருத்துச் சுதந்திரம் பற்றியும், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் தொட்டாற்சுருங்கித்தனம் பற்றியும் எழுதிவந்தவர் ஒரு மூட்டைப்பூச்சிக்குத் துள்ளியதை எந்த வரிக்கு வரி மறுப்பாலும் காட்டியிருக்க முடியாது. இந்த வழி பலிக்க எதிராளியின் ஒத்துழைப்பு வேண்டும் என்பதுதான் அதன் குறை.

இனி என் ஓட்டுக்கு வருகிறேன். டேவிட் புரூக்ஸ், மிதவாதப் பழமைவாதி, 2001-இல் ‘அட்லாண்டிக்’ இதழில் பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின் கவுன்டியைப் பற்றி எழுதினார். அங்கே ஒரு சாப்பாட்டுக்கு இருபது டாலர் செலவழித்துவிட வேண்டும் என்று முயன்றும் முடியவில்லையாம். பட்டியலில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததைக் கேட்டாலும் அந்தத் தொகையைத் தொடவில்லையாம். எளிய மக்கள், எளிய வாழ்க்கை என்ற அவர் கோட்பாடே அந்தத் தட்டில்தான் உட்கார்ந்திருந்தது. 2004-இல் சாஷா இசன்பெர்க் என்ற இளம் பத்திரிகையாளர் அந்த ஊருக்கே போனார். அங்கிருந்த ரெட் லாப்ஸ்டர் உணவகத்தில் மாமிசமும் சிங்கி இறாலும் சேர்ந்த ஒரு தட்டு 28.75 டாலர். மெர்சர்ஸ்பர்க் விடுதியில் முழுச் சாப்பாடு 50 டாலர். புரூக்ஸிடமே கேட்டபோது, அந்த விடுதியில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டார். தான் எழுதியதைப் பாதி வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற தோரணையிலும் பேசினார்.

இசன்பெர்க் புரூக்ஸின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. விலைப்பட்டியலைப் படித்தார், அவ்வளவுதான். எதிர்த் தரப்பு வாசகரும் அதைப் படித்தால் “அப்படியா?” என்று ஒரு நிமிடம் நிற்பார். வேஷத்துக்கும் பட்டப்பெயருக்கும் அவர் நிற்க மாட்டார். குறை என்று சொன்னால், இதற்கு நேரமும் பயணக் காசும் வேண்டும். பத்தி வந்த மத்தியானத்துக்குள் முடிகிற காரியம் இல்லை. இசன்பெர்க்கின் கட்டுரை வருவதற்குள் புரூக்ஸ் நியூயார்க் டைம்ஸிலேயே பத்தி எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் சில சமயம் நேரில் இருந்தவரே பேசிவிடுவதுண்டு. 2023 செப்டம்பரில் அதே புரூக்ஸ், நியூவர்க் விமான நிலையத்தில் சாப்பிட்டதன் படத்தைப் போட்டு, இதற்கு 78 டாலர், பொருளாதாரம் மோசம் என்று அமெரிக்கர்கள் நினைப்பது இதனால்தான் என்று எழுதினார். படத்தில் பர்கருக்கும் வறுவலுக்கும் பக்கத்தில் ஒரு கிளாஸ் விஸ்கி. உணவகமே பதில் சொன்னது: பில்லில் கிட்டத்தட்ட எண்பது சதவீதம் மதுவுக்கு. பிறகு பர்கரையும் விஸ்கியையும் சேர்த்து அவர் பெயரிலேயே 17.78 டாலருக்கு ஒரு ஸ்பெஷலும் போட்டார்கள்.