எம்டி5-ஆ, ஸ்க்ராமா, பியரா? போஸ்ட்கிரெஸ் கடவுச்சொல்லை ஏற்காத நாளில் எது கைகொடுக்கும்

வலைச் செயலி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள் நுழைய பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றுதான் இருக்கும்: பியர், எம்டி5, ஸ்க்ராம்-ஷா-256. நான் தேர்ந்தது ஸ்க்ராம், அதாவது கடவுச்சொல்லை அனுப்பாமலே அது தெரியும் என்று செயலி நிரூபிக்கும் முறை. பாதுகாப்பு மட்டும் அதற்குக் காரணமில்லை. உள்நுழைவு தோற்றுப்போகும் நாளில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் அதில் குறைவு.

முதலில் பியர். செயலியும் தரவுத்தளமும் ஒரே எந்திரத்தில் இருந்தால் இதைவிட நிம்மதி வேறில்லை. கடவுச்சொல்லே கிடையாது. யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே எந்திரத்துக்குள் இயங்கும் இணைப்பு) வழியாக வருபவர் எந்தக் கணக்கில் இயங்குகிறார் என்று இயங்குதளத்தின் கெர்னலிடம் கேட்டு, அதே பெயரில் தரவுத்தளப் பயனர் இருந்தால் உள்ளே விடும். பெயர் வேறாக இருந்தால் பிஜி_ஐடென்ட் கோப்பில் இரண்டையும் பொருத்திக் கொடுக்கலாம். செயலியின் அமைப்பில் ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் இணைப்பு டிசிபி என்ற பிணைய வழியாகப் போய்விடும், பிஜி_எச்பிஏ கோப்பில் (யார் எந்த முறையில் நுழையலாம் என்று வரிவரியாகச் சொல்லும் கோப்பு) உள்ள பியர் வரி பொருந்தாது. செயலியையும் தரவுத்தளத்தையும் தனித்தனிக் கன்டெய்னர்களில் (டாக்கர் போன்றவை தரும் தனித்த இயங்குசூழல்கள்) வைத்தாலும் பியருக்கு அநேகமாக விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

எம்டி5 முறையில், கடவுச்சொல்லோடு பயனர் பெயரைச் சேர்த்து ஹேஷ் செய்து (திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றி), முன்னால் எம்டி5 என்ற மூன்றெழுத்தை ஒட்டி மொத்தம் 35 எழுத்துகளாகச் சேமிக்கிறார்கள். அந்த ஹேஷ் வெளியே கசிந்தால் கடவுச்சொல் தெரியாமலேயே உள்ளே நுழைந்துவிடலாம். இன்னொரு தொல்லை, பயனரின் பெயரை மாற்றினால் ஹேஷ் பயனற்றுப் போகும் என்பதால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கடவுச்சொல்லையே அழித்துவிடும். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு ஸ்க்ராமைக் கொண்டுவந்தது, 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பு அதையே இயல்புநிலை ஆக்கியது. 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் எம்டி5 கடவுச்சொல் வைத்தாலே எச்சரிக்கை வருகிறது. புதிதாகத் தொடங்குபவர் இதை எடுக்கக் காரணமே இல்லை.

கோளாறுகள் பெரும்பாலும் எம்டி5-இலிருந்து ஸ்க்ராமுக்கு மாறும் இடத்தில்தான் முளைக்கின்றன. முடிவெடுக்க உதவும் அம்சமும் அங்கேதான் இருக்கிறது. பிஜி_எச்பிஏ கோப்பில் முறை எம்டி5 என்றிருந்தால் போஸ்ட்கிரெஸ் தாராளமாக நடந்துகொள்ளும்: சேமித்திருப்பது எம்டி5 ஹேஷ் என்றால் எம்டி5 கேட்கும், ஸ்க்ராம் ரகசியம் என்றால் ஸ்க்ராம் கேட்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்துப் பயனரில் ஆறு பேர் ஒரு வகை, நான்கு பேர் இன்னொரு வகை என்று கலந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒருநாள் அந்த வரியை ஸ்க்ராம்-ஷா-256 என்று மாற்றியதும் பழைய ஹேஷ் உள்ளவர்கள் மட்டும் வெளியே நிற்பார்கள். கடவுச்சொல் சரி, பெயர் சரி, ஆனால் செயலிக்கு வருவது ‘பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்ற ஒரே வரி.

அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காரணம் தெரிந்தால் திருடனுக்கும் உதவும் என்பதால் போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே அதை மறைக்கிறது. உண்மை சர்வர் லாகில், அதே பிழைக்குக் கீழே ‘டீட்டெய்ல்’ என்று தொடங்கும் வரியில் இருக்கும். பயனரே இல்லை, கடவுச்சொல் வைக்கப்படவில்லை, காலாவதியாகிவிட்டது, செல்லுபடியாகும் ஸ்க்ராம் ரகசியம் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாசகம் உண்டு. கடைசியாகச் சொன்னதுதான் மேலே விவரித்த கலப்பு நிலை. எச்பிஏ கோப்பின் எத்தனையாவது வரி பொருந்தியது என்பதும் அங்கேயே அச்சாகும். முதலில் பொருந்தும் வரியே இறுதி. அதில் தோற்றால் அடுத்த வரிக்குப் போகாது. லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1 ஆகவும் இருக்கலாம், ::1 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வேறுவேறு வரி எழுதியிருந்தால் நீங்கள் திருத்தியது ஒன்று, பொருந்தியது மற்றொன்று என்றாகிவிடும்.

மாற்றும் வரிசை முக்கியம். எச்பிஏ வரியைக் கடைசி வரை தொடாதீர்கள். முதலில் டிரைவர்களை (செயலியைத் தரவுத்தளத்தோடு பேசவைக்கும் நூலகங்கள்) பாருங்கள்: ‘ஆத்தென்டிகேஷன் டைப் 10’ ஆதரிக்கப்படவில்லை என்று பிழை வந்தால் டிரைவர் பழசு. ஜாவா என்றால் 42.2.0 அல்லது அதற்கு மேற்பட்ட ஜேடிபிசி டிரைவர் வேண்டும். அடுத்து பாஸ்வேர்ட்_என்க்ரிப்ஷன் அமைப்பை ஸ்க்ராமுக்கு மாற்றி ரீலோட் செய்யுங்கள். இது பழைய ஹேஷ் எதையும் மாற்றாது. அசல் கடவுச்சொல் சர்வருக்கே தெரியாதே! ஒவ்வொரு பயனருக்கும் போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்-இன் பாஸ்வேர்ட் கட்டளையால் மீண்டும் கடவுச்சொல் வையுங்கள். பழைய சொல்லையே திரும்பக் கொடுக்கலாம், அப்போது செயலியின் அமைப்பில் கைவைக்க வேண்டாம். அந்தக் கட்டளை ஹேஷ் செய்த பிறகே அனுப்புவதால் அசல் சொல் லாகில் விழாது. கடவுச்சொல் ஹேஷ்கள் இருக்கும் பிஜி_ஆத்ஐடி அட்டவணையில் எம்டி5 என்று தொடங்கும் பதிவு ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகு எச்பிஏ வரியை மாற்றி ரீலோட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை.

இங்கே பலர் ஏமாறுவது கனெக்ஷன் பூலால், அதாவது திறந்த இணைப்புகளைச் சேர்த்துவைத்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டால். திறந்திருக்கும் இணைப்புகளிடம் சர்வர் மறுபடி கடவுச்சொல் கேட்பதில்லை. எல்லாம் நலம் போலத் தெரியும், இரண்டு நாள் கழித்துச் செயலியை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் வெடிக்கும். மாற்றியவுடனே செயலி ஓடும் எந்திரத்திலிருந்து, ஹோஸ்ட் பெயரைக் கொடுத்து, புதிதாக ஓர் இணைப்பு திறந்து பாருங்கள். தரவுத்தளக் கன்டெய்னருக்குள் நுழைந்து சோதிப்பது வீண். அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் உள்ளிருந்து வரும் இணைப்புக்குக் கடவுச்சொல்லே கேட்காது. அதே இமேஜில் போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்ட் மாறி, தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே வேலை செய்யும். பிறகு அதை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே இருப்பது பழைய சொல்தான்.

எந்த முறையை எடுத்தாலும் இணைப்பு யூஆர்எல்லில் உள்ள சிறப்புக் குறிகள் தொல்லை தரும். கடவுச்சொல்லில் @ இருந்தால் %40, # இருந்தால் %23, / இருந்தால் %2F என்று எழுத வேண்டும். கோப்பிலிருந்து படிக்கும் கடவுச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்ட வரிமுறிவும் இதே போலக் கழுத்தறுக்கும். நோட்.ஜேஎஸ் டிரைவரில் ‘கிளையண்ட் பாஸ்வேர்ட் மஸ்ட் பி எ ஸ்ட்ரிங்’ என்று வந்தால் தரவுத்தளத்தை ஆராய வேண்டாம். பெரும்பாலும் கடவுச்சொல் உள்ள சூழல் மாறி செயலிக்கு வந்தே சேரவில்லை.

ஸ்க்ராமுக்கும் ஒரு விலை உண்டு. இயல்பாக 4096 சுற்று ஹேஷ் கணக்கு, அதுவும் ஒவ்வொரு புது இணைப்புக்கும் செயலியின் பக்கத்தில். பூல் வைத்திருந்தால் இது கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறக்கும் செயலியில் தாமதம் தெரியக்கூடும். எவ்வளவு என்பது எந்திரத்தைப் பொறுத்தது, அளந்து பாருங்கள். 16-ஆம் பதிப்பிலிருந்து சுற்று எண்ணிக்கையை மாற்றலாம், ஆனால் பூல் வைப்பதே சரியான வைத்தியம். போஸ்ட்கிரெஸுக்கான பூல் கருவியான பிஜிபவுன்சர் வைத்தால் அதன் பயனர் கோப்பில் உள்ள ஸ்க்ராம் ரகசியம், உப்பு (ஹேஷில் சேர்க்கும் சீரற்ற தரவு) உட்பட சர்வரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அதே கடவுச்சொல்லை மறுபடி வைத்தாலும் உப்பு மாறிவிடும், ஆகவே கோப்பையும் கையோடு புதுப்பியுங்கள்.