வெளிக்கோட்டு எழுத்து: ரெடிமேடா, நாமே போடுவதா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் மைத்துனர் திறக்கும் ஜூஸ் கடைக்குப் பெயர்ப்பலகை செய்து தந்தேன். பாண்டி வெள்ளை நகரத்துக் கஃபே பலகைகளைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். பழைய சோடா விளம்பரம் மாதிரி துள்ளி ஓடும் ஆங்கிலக் கூட்டெழுத்து, அதுவும் உள்ளே வெறுமையாக, வெளிக்கோடு மட்டும் தெரிய வேண்டும் என்றார்.

இதற்கு இரண்டு வழி உண்டு. வெளிக்கோட்டோடே வரைந்த எழுத்துரு ஒன்றை ரெடிமேடாக வாங்கலாம். அல்லது லாப்ஸ்டர், பசிஃபிகோ போன்ற தடித்த கூட்டெழுத்து எழுத்துருவை எடுத்து, கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் நாமே கோடு போடலாம். நான் இரண்டாவது பக்கம்.

விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாப்ஸ்டரும் பசிஃபிகோவும் வியாபாரத்துக்கும் இலவசம். ரெடிமேடில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பலவும் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு வரும், படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகில் ரெடிமேடுதான் மேல். கூட்டெழுத்தில் ஒரு எழுத்தின் வால் அடுத்ததன் மேல் ஏறி நிற்கும். சும்மா கோடு போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் குறுக்கே ஒரு வெட்டு தெரியும். ரெடிமேடில் வரைந்தவரே அந்த வெட்டை நீக்கி இணைப்பைத் திறந்துவிட்டிருப்பார். நம் வழியில் எழுத்தை கர்வ் (வெறும் வடிவம்) ஆக்கி, வெல்டு செய்து (எல்லாவற்றையும் ஒரே வடிவமாக ஒட்டி), பிறகு கான்டூர் என்ற கருவியில் வெளிப்பக்கமாகக் கோடு எடுக்க வேண்டும். வெல்டு செய்தபின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. அதனால் மூல வரியின் நகல் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், தமிழுக்காக. தமிழ்நாட்டு விதிப்படி கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக வரவேண்டும். தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்பது கணக்கு. ஆக, காசு கொடுத்து வாங்கும் ஆங்கில எழுத்துரு பலகையில் சின்னப் பங்குக்குத்தான் உதவும். பெரிய பங்குக்கு அதில் தமிழ் எழுத்தே இருக்காது. மேலே தடித்த தமிழ், கீழே மெல்லிய கோட்டில் ஆங்கிலம் என்று வைத்துப் பார்த்தேன். இரண்டு கடைகளின் பலகையை ஒட்டவைத்தது போலிருந்தது.

நாமே கோடு போடும்போது இரண்டு மொழிக்கும் ஒரே கோடு, ஒரே தடிமன், ஒரே நிறம். தமிழுக்கு பலூ தம்பி என்ற எழுத்துருவை எடுத்து லேசாகச் சாய்த்தேன். உருண்டை, தடிமன் இரண்டும் இருப்பதால் உள்ளே வெளி கிடைக்கிறது. கவிவனார் என்ற எழுத்துரு ஏற்கெனவே சாய்ந்த கையெழுத்துப் பாணிதான், ஆனால் மெலிந்தது. கோடு போட்டால் உள்வெளி அடைபட்டுப்போகிறது. 'ஜூ' எதில் போட்டாலும் தகராறுதான், அதன் சுழியைக் கொஞ்சம் அகட்டினேன். மெய்யெழுத்துப் புள்ளிகளை வளையமாக விடாமல் நிரப்பிவிடுங்கள். இல்லையென்றால் சாலையிலிருந்து பார்க்கும்போது காணாமல் போகும்.

அளவு மாறும்போதும் இதே வழி கைகொடுக்கிறது. ரெடிமேடில் கோட்டின் தடிமன் எழுத்தோடு சேர்ந்தே வளரும், சேர்ந்தே சுருங்கும். பலகையில் எடுப்பாக நிற்பது பில் புத்தகத்தில் மயிரிழையாகிவிடும். நாமே போட்டால் சின்ன அளவுக்குத் தனியாகத் தடித்த கோடு கொடுக்கலாம்.

ஆங்கிலம் மட்டும் உள்ள போஸ்டர், டி-ஷர்ட் என்றால் யோசிக்காமல் ரெடிமேடை வாங்குங்கள். எல்இடி நியான் குழாய்க்கும் அதுவே எளிது என்று படுகிறது. நான் செய்ததெல்லாம் ஃப்ளெக்ஸும் ஸ்டிக்கரும்தான் என்பதால், அதை நியான் வளைப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.