முட்டையிலிருந்து வந்த போவா: 65,000 ரூபாய்க்கு நான் ஏமாந்த கதை

இன்குபேட்டரில் முட்டை பொரிகிற வீடியோவை அனுப்பி "நம்ம போவா குட்டிங்க, ப்ரோ" என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே பேச்சை நிறுத்திவிடுங்கள். போவா என்ற பாம்பு முட்டையிடாது, நேராகக் குட்டி போடும். இது தெரியாததால் எனக்குப் போனது 65,000 ரூபாய். ஒரு உயிரும்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) இருக்கிறது. 2020-இல் வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாங்களாக முன்வந்து தெரிவிக்க மத்திய அரசு வாய்ப்புக் கொடுத்தபோது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்து சான்று வாங்கினேன். பால் பைத்தான் முட்டையிடுகிற இனம். அதனால் வெள்ளை முட்டைகளைக் கிழித்துக்கொண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. பார்க்க அழகாக வேறு இருந்தது. பிறகு அம்மாவிடம் சொன்னபோது, "ஏன்டா, விரியன் குட்டி போடும், மண்ணுளி குட்டி போடும்னு நம்ம ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். உன் பாம்பு என்ன போடும்னு கேக்காமலா காசு குடுத்த?" என்றார். பதில் இல்லை.

விற்றவர் பெங்களூருக்காரர், வாட்ஸ்அப் குழுவில் அறிமுகம். எட்டு மாதக் குட்டி, பெண், அசல் சுரினாம் ரெட் டெயில் (சுரினாம் நாட்டுச் சிவப்பு வால் போவா), வாரம் ஒரு எலி தின்கிறது என்றார். (சுரினாம் எல்லாம் இல்லை, சந்தையில் அதிகம் கிடைக்கும் சாதாரண இம்பரேட்டர் வகைப் போவாதான் என்று மருத்துவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்.) "மூணு நாலு வருஷத்துல ஜோடி சேருங்க. ஒரு ஈத்துக்கு இருபது குட்டி, ஒண்ணு அம்பதாயிரம். நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க, ப்ரோ." போட்டேன். பத்து லட்சம் வந்தது. ஈமு கோழிக் காலத்தில் ஊர் ஊராகப் போட்ட அதே கணக்கு என்பது அப்போது உறைக்கவில்லை.

பேப்பர், அதாவது பதிவுச் சான்று பற்றிக் கேட்டேன். "டிரான்ஸ்ஃபர் ரெண்டு வாரத்துல வந்துடும்." இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவுக்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்துவிட்டன. பதிய வேண்டிய வெளிநாட்டு உயிரினங்களின் பட்டியலில் போவாவும் உண்டு. வைத்திருப்பதைப் பதிய வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும், குட்டி பிறந்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். அப்படியென்றால் இங்கே ஒழுங்காகப் பிறந்த குட்டிக்கு, அது விலைக்கு வரும் முன்பே பேப்பர் இருந்தாக வேண்டும். "வந்துடும்" என்று சொன்னால் அது இங்கே பிறக்கவில்லை, அல்லது பிறந்ததை யாருக்கும் சொல்லவில்லை. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடிப்பதைச் செய்தியில் எத்தனை முறை படித்திருப்போம். என் குட்டியும் அப்படி வந்ததா என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

2024 டிசம்பர். இரவு ஆம்னி பஸ்ஸில், "ஸ்பேர் பார்ட்ஸ்" என்று எழுதிய தெர்மாகோல் பெட்டி. விடியற்காலை ஐந்தரைக்குப் பூந்தமல்லியில் வாங்கித் திறந்தால் பாம்பு ஈரத்துணி மாதிரி சில்லென்று கிடந்தது. பெட்டியில் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 27 என்று வைத்தேன். அது சூட்டுப் பக்கம் போகவே இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தது. குளிக்கப் பிடிக்கிறது போலிருக்கிறது என்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். நான்காம் நாள் தண்ணீரை மாற்றும்போது அடியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். சில நகர்ந்தன. உண்ணி. கண்ணோரச் செதில் இடுக்கெல்லாம் அதுதான். அரிப்பு தாங்காமல்தான் தண்ணீரில் கிடந்திருக்கிறது.

புதுப் பாம்பை மூன்று மாதமாவது தனி அறையில் வைக்க வேண்டும், அதற்குத் தனி இடுக்கி, தனிக் கிண்ணம் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் பெட்டியை வைத்ததோ பைத்தானுக்குப் பக்கத்து ஷெல்ஃபில். உண்ணி அங்கேயும் போனது.

பத்தாம் நாள் கொடுத்த எலியை மூன்று நாள் கழித்து அப்படியே கக்கியது. மூன்றாவது வாரம் மூச்சில் டிக் டிக்கென்று சத்தம், மூக்கில் குமிழி, தலையைத் தூக்கியே வைத்திருந்தது. மருத்துவர் வாயைத் திறந்து சளியைக் காட்டி ஊசி போட்டார். பிறகு கேட்டார்: "எங்க பொறந்தது? அப்பா அம்மா யார்கிட்ட இருக்கு?" முட்டை வீடியோவைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. கக்குவதால் இன்க்ளூஷன் பாடி நோயையும் யோசிக்க வேண்டும் என்றார். வைரஸ் நோய், மருந்து கிடையாது. போவா வெளியில் ஆரோக்கியமாகத் தெரிந்தபடியே மாதக்கணக்கில் சுமக்கும், பைத்தானுக்கு வந்தால் வேகமாக முடித்துவிடும், உண்ணியும் பரப்பலாம் என்று சந்தேகம். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தோம். அதற்கு இரண்டு நாள் முன்னால், வந்த 41-ஆம் நாள், போவா செத்துப்போனது.

இதற்கு நடுவில் விற்றவரை நச்சரித்ததில் ஒரு சான்றின் படம் வந்தது. உரிமையாளர் பெயரைக் கறுப்பாக அடித்திருந்தார்கள். இனம் என்ற இடத்தில் இருந்தது என் சொந்தச் சான்றில் நான் பார்த்துப் பழகிய பெயர், பைத்தான் ரீஜியஸ். பால் பைத்தானின் பேப்பர்! கேட்டதற்குக் குரல் பதிவு வந்தது: "கம்ப்ளெயிண்ட் குடுங்க சார், பேப்பர் இல்லாம வாங்கினது நீங்க. முதல்ல உங்களைத்தான் புடிப்பாங்க." அதுவரை ப்ரோ, அன்றைக்குச் சார். அதோடு நம்பர் அணைந்தது.

இந்தப் பயத்தை நம்பித்தான் அவர் தொழிலே நடக்கிறது. நானும் ஒரு நாள் முழுக்கப் பயந்தேன். மறுநாள் பாம்பை ஐஸ் பெட்டியில் வைத்து வனத்துறை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், என் தப்பையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். பணத்துக்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பைத்தான் இன்னும் தனி அறையில் இருக்கிறது, ஒவ்வொரு முறை தின்றபின்னும் மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

போன வாரம் வேறொரு குழுவில், வேறொரு பெயரில் ஒரு பதிவு. "கொலம்பியன் போவா, பெண், 2 மட்டும், பேப்பரோட." கீழே அதே இன்குபேட்டர், அதே முட்டைகள், இடது ஓரத்தில் அதே உடைந்த தெர்மாமீட்டர்.