டிஸ்க்கைக் கடைவதா, மாற்றுவதா?

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. மெக்கானிக்கிடம் காட்டினால் "டிஸ்க் பெண்டாயிடுச்சு" என்பார், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு வளைந்துவிட்டதாம். லேத்தில் கொடுத்துக் கடையலாம், இல்லையென்றால் புதுசு போடலாம் என்று இரண்டு வழி சொல்வார். இரண்டுமே சரியான வழிகள்தான். ஆனால் அளந்து பார்க்காமல் எதைச் செய்தாலும் அந்த உதறல் திரும்பி வரும். புது டிஸ்க் போட்ட சில மாதங்களிலேயே அதே உதறலை நான் அனுபவித்திருக்கிறேன்.

முதலில் நோய் டிஸ்க்கில்தானா என்று பாருங்கள். பிரேக் பிடிக்காமலே குறிப்பிட்ட வேகத்தில் உதறினால் வீல் பாலன்ஸைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர், அதாவது பேட் என்ற உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி, இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிஸ்க் உண்மையில் வளைந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் அதன் தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். 0.02 மி.மீ. வித்தியாசமே பெடலில் தெரியும்; சாதாரணத் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு அது. இந்த வித்தியாசம் எப்படி வருகிறது? டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பாகமான ஹப்பில் துருவோ அழுக்கோ ஒட்டியிருந்தால் அதன்மேல் உட்காரும் டிஸ்க் லேசாகச் சாய்கிறது. ஹப்பில் இருக்கும் சாய்வு டிஸ்க்கின் விளிம்புக்கு வரும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. அதனால்தான் முதல் நாள் வண்டி அருமையாக இருக்கிறது, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உதறல் வருகிறது. வீல் நட்டுகளைச் சமமாக இறுக்காவிட்டாலும் இதே கதைதான்.

கடைசலின் பெரிய நன்மை செலவு குறைவு. ஆனால் டிஸ்க்கில் சதை மிச்சம் இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், 22 மி.மீ. டிஸ்க்குக்கு 20 என்று இருப்பது சகஜம். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து, கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் நிற்குமா என்று பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் கடைசலை நம்ப மாட்டேன். சுமார் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறிய வார்ப்பிரும்பில் சிமென்டைட் என்ற கடினமான பகுதி உருவாகும். மேலே சீவினாலும் அடியில் அது இருக்கும். சுற்றியுள்ள இரும்பு தேய, அது மேடாகத் துருத்திக்கொண்டு வரும்.

கடைசலிலும் இரண்டு வகை உண்டு. கழற்றி லேத்தில் கடைந்தால் முகம் மட்டமாகும், ஆனால் ஹப்பின் சாய்வு அப்படியே இருக்கும். வண்டியில் மாட்டியபடியே கடையும் மெஷின் அந்த ஹப்போடு சேர்த்தே சரிசெய்கிறது. அந்த வசதி கிடைத்தால், தடிமனும் இருந்தால், என் ஓட்டு அதற்குத்தான். புது டிஸ்க்கைவிட அது நன்றாக ஓடும் என்றுகூடச் சொல்வேன்.

விரிசல் விளிம்புவரை ஓடியிருந்தாலோ, தடிமன் தீர்ந்திருந்தாலோ, பேசவே வேண்டாம், புதுசுதான். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பேடை அதில் போடாதீர்கள். மாட்டும் முன் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்க்கச் சொல்லுங்கள். மாட்டி, நட்டுகளைப் போட்டு இறுக்கி, டயல் கேஜ் என்ற முள் அளவி வைத்து, டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பல கார்களுக்கு 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளக்கலாம். பத்து நிமிட வேலை, கூட நின்று செய்ய வைக்கலாம்.

அப்புறம், முதல் நாளில் காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை மிதமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து நின்றால் அதன் தடம் புது டிஸ்க்கில் பதிந்துவிடும்.